அலமாரியிலிருந்து சர்வருக்கு: கல்லூரி நூலகம் இடம் மாறுகிறது

அரூரில் இருக்கும் என் சித்தி மகள் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். தருமபுரி மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கிற நடுகற்களைப் பற்றி அவளுக்கு புராஜெக்ட். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, எங்க காலேஜ் லைப்ரரில பாதி அலமாரிய எடுத்துட்டாங்க. அந்த எடத்துல கம்ப்யூட்டர் போட்டிருக்காங்க. புக் கேட்டா எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, பாத்துக்கோன்றாங்க. ஆன்லைன்ல எங்கன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல."

திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "அப்ப லைப்ரரி ஃபீஸ் எதுக்கு வாங்கறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். சர்வர்களோடு மாரடிப்பதுதான் தினசரி வேலை. ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது இரவு பதினொன்றரை. அன்று நாங்கள் முட்டி மோதித் தெரிந்துகொண்டவற்றை, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும், கல்லூரி போகும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அலமாரி ஏன் காலியாகிறது?

கல்லூரி, பல்கலைக்கழக நூலகத்தில் முக்கியமாக மூன்று வகை சரக்கு இருக்கும். பாடப்புத்தகம், ஜர்னல் எனப்படும் ஆய்விதழ், முனைவர் பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடு. மூன்றும் ஒரே வேகத்தில் கம்ப்யூட்டருக்கு மாறவில்லை.

முதலில் மாறியது ஜர்னல். ஒரு புதிய ஆராய்ச்சி புத்தகமாக வருவதற்குப் பல வருடம் பிடிக்கும். ஜர்னலில் முதலில் வந்துவிடும். ஆனால் வெளிநாட்டு ஜர்னல்களின் சந்தா யானை விலை. தபாலில் வந்து சேர வேண்டும், வருடக் கடைசியில் எல்லா இதழ்களையும் சேர்த்து பைண்டு செய்ய வேண்டும், அதற்கு இடம் வேண்டும். பதிப்பகங்கள் இண்டர்நெட்டிலேயே கொடுக்க ஆரம்பித்ததும் நூலகங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 2000-களின் முதல் பாதியில் யுஜிசி-இன்ஃபோநெட் என்ற ஏற்பாட்டில் பல்கலைக்கழகங்களுக்காக மொத்தமாக ஆன்லைன் சந்தா கட்டத் தொடங்கினார்கள். 2015-ல் அது வேறு சில திட்டங்களோடு சேர்ந்து இ-ஷோத்சிந்து ஆனது.

பெரிய மாற்றம் அதற்குப் பிறகு வந்தது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுவதற்கும் ஒரே சந்தா. 30 பெரிய பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஜர்னல்களை, மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ளவர்கள் படிக்கலாம். 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருடங்களுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். பயன்பெறுபவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர் என்பது அரசின் கணக்கு. வகுத்துப் பார்த்தால் தலைக்கு வருடம் 1,100 ரூபாய் சொச்சம். 2025 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

இதன் அர்த்தம் என்ன? சென்னை ஐஐடி மாணவர் படிக்கும் அதே ஜர்னலை, திட்டத்தில் சேர்ந்துள்ள ஒரு அரசுக் கல்லூரியின் மாணவி தருமபுரியில் இருந்தபடி படிக்கலாம். அச்சுக் காலத்தில் இது நடக்கவே முடியாத காரியம். நான் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. இன்றும் பெரிய படிப்பு, பெரிய ஆஸ்பத்திரி என்றால் சேலம் பஸ்ஸைப் பிடிப்பவர்கள் நாங்கள். சென்னை நூலகத்துக்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரும் வசதி எத்தனை பேருக்கு உண்டு?

ஆய்வேடுகள் கதையும் இதுதான். முன்பெல்லாம் ஆய்வேட்டின் பிரதி அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கும். மதுரையில் எழுதியதைப் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். 2009-ல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறை, ஆய்வேட்டின் எலக்ட்ரானிக் பிரதியையும் கொடுக்க வேண்டும் என்றது. அவற்றைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு ஷோத்கங்கா என்று பெயர். இந்தியில் ஷோத் என்றால் ஆராய்ச்சி. இப்போது அதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. படிக்கப் பணமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

பாடப்புத்தகம் மட்டும் இன்னும் முழுதாக மாறவில்லை. நம் மாணவர்களுக்கு அடிக்கோடு போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். எனக்கும் அப்படித்தான்.

வெளிநாட்டில் சிலர் ஒரேயடியாகத் தாண்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம், சான் அன்டோனியோ வளாகத்தில் 2010-ல் அச்சுப் புத்தகமே இல்லாத இன்ஜினியரிங் நூலகத்தைத் திறந்தது. ஃப்ளோரிடா பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 2014-ல் தொடங்கும்போதே நூலகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்நூல்களை வைத்துக்கொண்டு, அலமாரி இல்லாமல் தொடங்கியது. ஆனால் 2023 பிப்ரவரியில் வெர்மான்ட் மாநிலப் பல்கலைக்கழகம் தன் நூலகங்களை முழுக்க டிஜிட்டல் ஆக்கப் போவதாக அறிவித்ததும் மாணவர்களும் ஆசிரியர்களும் கொதித்து எழுந்தார்கள். நிர்வாகம் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. புதிதாகத் தொடங்குகிற இடத்தில் அலமாரி வைக்காமல் இருப்பது ஒன்று, இருக்கிற அலமாரியைத் தூக்குவது வேறு ஒன்று.

கல்லூரியில் திறக்கிறது, வீட்டில் திறக்கவில்லையே?

சித்தி மகளின் முதல் சிக்கல் இதுதான். கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஒரு ஜர்னல் கட்டுரை சட்டென்று திறந்தது. அதே முகவரியை வீட்டில் லேப்டாப்பில் அடித்தால் 'கட்டுரையை வாங்க இத்தனை டாலர்' என்கிறது. லேப்டாப்பில் வைரஸ் வந்துவிட்டதோ என்று பயந்துபோயிருந்தாள்.

வைரஸ் எல்லாம் இல்லை. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் இருப்பவரை யார் என்று கேட்காமல் பந்தியில் உட்கார வைப்பார்கள். வெளியே ரோட்டில் நின்றுகொண்டு சாப்பாடு கேட்டால், "பத்திரிகை இருக்கா?" என்பார்கள். இண்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐபி முகவரி என்று ஒரு எண் உண்டு. சந்தா கட்டிய கல்லூரிகளின் ஐபி முகவரிப் பட்டியல் பதிப்பகத்தின் சர்வரில் இருக்கும். நீங்கள் கல்லூரி நெட்வொர்க்கில் இருந்தால் உங்கள் கோரிக்கை அந்த எண்ணிலிருந்து வருகிறது. கேள்வி கேட்காமல் கதவு திறக்கிறது. வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து போனால் எண் வேறு. அப்போது நீங்கள் யாரோ ஒருவர்.

வெளியிலிருந்து போவதற்கான பத்திரிகைதான் யூசர் நேம், பாஸ்வேர்டு. இந்தியாவில் இதற்காக இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஏற்பாட்டின் பெயர் இன்ஃபெட். பதிப்பகத்தின் பக்கத்தில் 'அக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிடியூஷன்' என்பது போல ஒரு இடம் இருக்கும். அதை க்ளிக் செய்து, உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் லாகின் பக்கம் வரும். அந்த யூசர் நேமை பதிப்பகம் தராது. உங்கள் கல்லூரி தர வேண்டும். பெரும்பாலும் நூலகரிடம்தான் அது இருக்கும். எனவே "புத்தகம் எங்கே?" என்று நூலகரிடம் கேட்பதற்குப் பதில், "வீட்டிலிருந்து படிக்க எனக்கு யூசர் ஐடி வேண்டும்" என்று கேளுங்கள். சித்தி மகள் மறுநாள் அப்படிக் கேட்டாள். ஒரு வாரத்தில் கிடைத்தது. அதுவரை மூன்று மாதம் 'ஆன்லைன்ல இருக்கு' என்ற பதில் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. கதவு திறந்துவிட்டதே என்று ஒரு ஜர்னலின் இருபது வருட இதழ்களையும் ஒரே ராத்திரியில் டவுன்லோடு செய்யாதீர்கள். அதற்கென்றே உள்ள சாஃப்ட்வேர்களையும் போட்டுவிடாதீர்கள். பதிப்பகத்தின் சர்வர் இதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அது பூட்டுவது உங்கள் ஒருவரை மட்டும் அல்ல, அந்த ஐபி முகவரியையே. அதாவது கல்லூரி முழுவதற்கும் கதவு மூடும்.

வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா?

சித்தப்பாவின் ஃபீஸ் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

நூலகம் ஒரு அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. முப்பது வருடம் வைத்திருக்கலாம், யாருக்கும் இரவல் தரலாம், பதிப்பகம் இழுத்து மூடினாலும் புத்தகம் இருக்கும். ஆன்லைனில் பெரும்பாலும் அப்படி இல்லை. நூலகம் பெறுவது படிக்கும் அனுமதி. லைசென்ஸ் என்பார்கள். கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் வாங்கியவர்களுக்கு இது புரியும்: வருடம் முடிந்தால் 'புதுப்பிக்கவும்' என்று பெட்டி வரும். புதுப்பிக்காவிட்டால் நின்றுவிடும்.

அந்த அனுமதியிலும் நிபந்தனைகள் உண்டு. சில மின்நூல்களை ஒரே சமயத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். பரீட்சைக்கு முதல் நாள் நாற்பது பேர் மோதும்போது முப்பத்தொன்பது பேருக்கு 'இப்போது வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று வரும். பைல் எத்தனை வேண்டுமானாலும் பிரதி எடுக்கக் கூடியது; அதைச் செயற்கையாக ஒரே பிரதி போல நடத்துகிறார்கள். சில நூல்களில் இத்தனை பக்கம்தான் பிரிண்ட் எடுக்கலாம் என்று அளவு இருக்கும். சில பைல்கள் டவுன்லோடு ஆகும், ஆனால் ஏழு நாளோ பதினான்கு நாளோ கழித்துத் திறக்காது. பைலுக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்து அனுப்புகிறார்கள். டிஆர்எம் என்பது இந்தப் பூட்டுக்குத்தான்.

இது எனக்கே நடந்தது. நான் இன்ஜினியரிங் படித்தபோது கல்லூரி தந்த மின்நூல் தளம் ஒன்றில் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் ஆல்காரிதம் புத்தகத்தில் எழுதி வைத்த ஒரு குறிப்பு தேவைப்பட்டது. லாகின் செய்தால், 'இந்தக் கணக்கு செயலில் இல்லை.' புத்தகத்தோடு சேர்ந்து என் கையெழுத்தும் போனது போல இருந்தது. அந்தக் காலத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டு போட்ட நோட்ஸ் இன்னும் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. எலி கடித்தாலும் படிக்க முடிகிறது.

பணம் கொடுத்து வாங்கியதுகூட நிலையில்லை. 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாமல் விற்கப்பட்ட ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்கள் திறப்பது நின்றது. அதற்கும் பணம் திரும்பக் கொடுத்தார்கள். கடைக்காரர் நம் வீட்டுக்குள் வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைமேல் காசை வைத்துவிட்டுப் போவதை அச்சுக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியுமா?

எனவே சந்தா நின்றால் என்ன ஆகும் என்பது பெரிய கேள்வி. அச்சு ஜர்னலுக்குச் சந்தாவை நிறுத்தினால் புது இதழ் வராது. பழைய பைண்டு வால்யூம் அலமாரியில் இருக்கும். ஆன்லைனில், சந்தா கட்டிய வருடங்களின் இதழ்களைப் பின்னாளிலும் படிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. பைண்டு வால்யூம்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் ஒவ்வொரு நூலகமும் அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். போட்டுவிட்டுப் பார்த்துப் பயனில்லை.

கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

இரண்டாவது சிக்கல் தமிழ் சம்பந்தப்பட்டது. இதில்தான் அன்றைய இரவு பெரும்பகுதி போனது.

ஷோத்கங்காவில் நடுகல் பற்றிய தமிழ் ஆய்வேடு ஒன்றை சித்தி மகள் எடுத்திருந்தாள். அங்கே ஆய்வேடு ஒரே பைலாக இருக்காது. தலைப்புப் பக்கம், சான்றிதழ், ஒவ்வொரு இயல் என்று தனித்தனி பிடிஎஃப் பைல்களாக இருக்கும். ஒவ்வொன்றாக டவுன்லோடு செய்ய வேண்டும். செய்துவிட்டாள். பைலைத் திறந்தால் தமிழ் அழகாகத் தெரிகிறது. கண்ட்ரோல் விசையையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தி 'அரூர்' என்று தேடினால், இல்லை என்கிறது. கண்ணெதிரே மூன்றாவது வரியில் அரூர் இருக்கிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்துகள் நீல நிறமாகாமல் பக்கமே ஒரு படம் போல நடந்துகொண்டால், அது ஸ்கேன் செய்த படம். கம்ப்யூட்டருக்கு அது எழுத்து அல்ல, கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். வரி நீலமாகி, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை வந்தால், அது பழைய ஃபான்ட் பிரச்சினை. எங்களுக்கு வந்தது குப்பை.

இப்போது கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு இது புதிராக இருக்கும். இன்று எல்லா இடத்திலும் இருப்பது யூனிகோடு. அதில் தமிழ் 'அ' என்ற எழுத்துக்கு உலகம் முழுக்க ஒரே எண். 2000-களில் அது பரவலாக வருவதற்கு முன்பு, நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணையே வைத்துக்கொண்டு, அதற்குத் தமிழ் உருவத்தை வரையும் ஃபான்டுகளைச் செய்தார்கள். பாமினி என்ற புகழ்பெற்ற ஃபான்டில் ஜே என்ற ஆங்கில எழுத்தை அடித்தால் த, கே அடித்தால் ம, பி அடித்தால் இகரக் கொக்கி, ஓ அடித்தால் ழ, அரைப்புள்ளி அடித்தால் மேல் புள்ளி. ஐந்தையும் வரிசையாக அடித்தால் திரையில் 'தமிழ்' தெரியும். ஆனால் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். இதுபோல டிஸ்கி, டாம், டாப் என்று பல குறியீட்டு முறைகள். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் புரியாது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 என்ற முறையையும் அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்கு முன் டைப் செய்தவை அப்படியே கிடக்கின்றன. அதற்குப் பிறகும் டைப்பிங் சென்டர்களில் பழைய ஃபான்டிலேயே அடித்தவர்கள் ஏராளம்.

அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1972-ல் இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' நூலை இன்று கையில் எடுத்தால் படிக்கலாம், எந்த ஃபான்டும் வேண்டாம். 2005-ல் டைப் செய்த ஒரு ஆய்வேட்டைத் தேட முடியவில்லை. வயதில் இளையது எது என்று பாருங்கள்.

தீர்வு உண்டு. குப்பையாக வரும் எழுத்தை யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபான்ட் பெயர் தெரிந்தால் போதும். அடோப் ரீடரில் பைல் மெனுவில் ப்ராபர்ட்டீஸ் போய், ஃபான்ட்ஸ் என்ற பகுதியைப் பார்த்தால் பெயர் இருக்கும். ஸ்கேன் படம் என்றால், கூகுள் டிரைவில் அந்த பிடிஎஃப்பை ஏற்றி, அதன்மேல் ரைட் க்ளிக் செய்து 'ஓப்பன் வித் - கூகுள் டாக்ஸ்' கொடுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். இதற்கு ஓசிஆர் என்று பெயர். பெரிய பைலாக இருந்தால் முக்கும். பத்து பத்துப் பக்கமாகப் பிரித்துக் கொடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் பழைய ணா, றா, லை எழுத்துகளில் தடுமாறலாம். ஊர்ப்பெயர்களையும் ஆண்டுகளையும் மூலப் பக்கத்தோடு ஒப்பிடாமல் புராஜெக்டில் எழுதிவிடாதீர்கள். எங்கள் பைலில் 'மொரப்பூர்' ஒரு இடத்தில் 'மொரப்பூா' என்று வந்தது. மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடலுக்கு அது வேறு ஊர்.

ஒரே பிரதிதான் ஆபத்து

இவ்வளவு சொன்னதால் நான் அச்சுக்கு ஆதரவாகக் கொடி பிடிக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 1981-ல் மே 31 இரவு முதல் ஜூன் 1 வரை யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் இருந்தன. அந்த இழப்பை அறிந்த தலைமுறைதான் 2005-ல் 'நூலகம்' என்ற பெயரிலேயே இலங்கைத் தமிழ் நூல்களை டிஜிட்டல் ஆக்கும் முயற்சியைத் தொடங்கியது. இன்று அது யாரும் இலவசமாகப் படிக்கும் பெரிய சேகரம்.

சர்வரும் எரியும், வேறு விதமாக. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கம்ப்யூட்டர்களை ரான்சம்வேர் கும்பல் தாக்கியது. புத்தகங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தன; எது எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆன்லைன் கேட்டலாக் 2024 ஜனவரி வரை இல்லை.

நம் நாட்டில் நடந்தது ஒன்று எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து, 1994-ல் கம்ப்யூட்டர் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி, பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்யும் திட்டத்தை முன்னெடுத்தார். அதன் இந்தியக் கிளை 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா', பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். பல லட்சம் நூல்கள், அதில் தமிழும் உண்டு. 2017 வாக்கில் காப்புரிமைப் பிரச்சினையில் அந்தத் தளம் நின்றுபோனது. ஆனால் அதற்குள் அந்த ஸ்கேன் பைல்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்குப் பிரதியாகப் போயிருந்தது. இன்றும் அங்கே கிடைக்கிறது. அலமாரியோ சர்வரோ, ஒரே இடத்தில் இருப்பதுதான் ஆபத்து என்பதை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாக்ஸ் என்ற திட்டத்தையே தொடங்கினார்கள். பல நூலகங்கள் ஒரே பைலின் பிரதிகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும்; ஒன்றில் கெட்டுப்போனால் மற்றதிலிருந்து சரிசெய்துகொள்ளும்.

உங்கள் லேப்டாப்பில் என்ன செய்யலாம்?

லாகின் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பணமில்லாமல், நேர்வழியில் கிடைப்பவையே ஏராளம். ஷோத்கங்கா சொன்னேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் நாட்டுடைமை ஆன நூல்களும் அரிய பழைய நூல்களும் உள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கிய நூல்கள் கிடைக்கும். காரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகம் 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது பெரும்பாலும் பிற தளங்களில் இருப்பவற்றுக்கு வழிகாட்டும் பட்டியல். பெயர்களைத் தமிழிலேயே கூகுளில் அடியுங்கள், வந்துவிடும்.

டேட்டா கணக்கையும் பாருங்கள். மதுரைத் திட்டத்தில் பெரும்பாலும் எழுத்துகளாக டைப் செய்திருப்பதால் ஒரு நூல் ஓரிரு எம்பிதான் வரும், தேடவும் முடியும். ஸ்கேன் செய்த முந்நூறு பக்க நூல் ஐம்பது எம்பியைத் தாண்டலாம். மலைப்பக்கத்து ஊர்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும்போது இது பெரிய வித்தியாசம். கல்லூரி வைஃபையில் இருக்கும்போதே பெரிய பைல்களை இறக்கிவிடுங்கள்.

இறக்கியதை எப்படி வைக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். சித்தி மகளின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 'டாக்குமெண்ட் 1' முதல் 'டாக்குமெண்ட் 43' வரை இருந்தது. எது என்னவென்று அவளுக்கே தெரியாது. நூலகத்தில் இந்த வேலையை நூலகர் செய்துகொண்டிருந்தார், முதுகில் எண் ஒட்டி அதனதன் இடத்தில் வைப்பார். அலமாரி உங்கள் லேப்டாப்புக்கு வந்துவிட்டால் நூலகர் நீங்கள்தான். ஆசிரியர் பெயர், ஆண்டு, சிறு தலைப்பு என்று பைலுக்குப் பெயர் வையுங்கள். ஜோடெரோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டால், ப்ரௌசரில் ஒரு க்ளிக்கில் கட்டுரை விவரத்தையும் சேர்த்து எடுத்து வைக்கும். புராஜெக்ட் கடைசியில் துணைநூல் பட்டியல் போடும்போது அதன் அருமை தெரியும். பென் டிரைவில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி. உங்கள் குறிப்புகளைப் பதிப்பகத்தின் தளத்திலேயே எழுதி வைக்காதீர்கள். உங்கள் வேர்டு பைலில் எழுதுங்கள், அல்லது நோட்டில். படிப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அனுமதி உள்ள கட்டுரைகளில் தேவையானவற்றை எடுத்து வைத்துவிடுங்கள்.

2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. கருவி வந்துவிடும். யூசர் ஐடியையும் இந்த ஃபான்ட் சமாச்சாரத்தையும் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் ஒரு ஆள் வேண்டும். இருக்கிற நூலகரே போதும், அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால்.

பதினொன்றரைக்கு நாங்கள் லேப்டாப்பை மூடக் காரணம் ஒரு வரைபடம். பழைய நூல் ஒன்றின் ஸ்கேன் பிரதி ஒரு தளத்தில் கிடைத்தது. அதன் கடைசியில், நடுகற்கள் இருக்கும் ஊர்களைக் காட்டும் வரைபடம் மடித்து ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் செய்தவர் அதைப் பிரிக்காமல் மடித்தபடியே வைத்து ஸ்கேன் செய்துவிட்டார். அரூர் பக்கம் முழுவதும் மடிப்புக்குள். பெரிதாக்கிப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். காகிதத்தின் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் நூலகங்களின் ஆன்லைன் கேட்டலாக்குகளில் தேடியதில் அந்த அச்சுப் புத்தகம் சேலத்தில் ஒரு நூலகத்தில் இருப்பது தெரிந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அரூரில் பஸ் ஏறினாள். மதியம் போன் செய்து, "அண்ணா, வரைபடம் கிழியாம இருக்கு. செல்லுல ஃபோட்டோ எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன், சரின்னாங்க" என்றாள். ஃப்ளாஷ் போடாமல் எடுக்கச் சொன்னேன்.